இரத்தப் பரிசோதனைச் சாலையும் நமது அங்கத்தினரும்

குன்றத்தூர்ப் பக்கத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். நூல் இருப்பை எடை பார்த்து, இருப்பேட்டில் கையொப்பமிட்டு முடித்த வேளையில், அங்கத்தினர் ஒருவர் தயங்கியவாறு நம் அருகில் வந்து அமர்ந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். முப்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்து வருபவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரிக்குச் சென்று பரிசோதனைகள் செய்துகொள்ளுமாறு உள்ளூர் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அது. சளி, சர்க்கரை, இரத்த அணுக்கள், கல்லீரல், எச்.ஐ.வி. என்று வரிசையாக எழுதியிருந்தது. மேலே குறித்திருந்த தேதியோ ஏழு வாரங்களுக்கு முற்பட்டது.

"ஐயா, இருமல் என்று போனேன். மருந்து தருவார் என்று பார்த்தால் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகிறது. இரத்தத்தை எடுத்து அதில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? ஆளைப் பார்த்தே டாக்டருக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்வியே. நம்முடைய அங்கத்தினர்களுள் பலருடைய மனத்தில் இருப்பதும் இதுவேயாகும். நாம் வைத்தியர் அல்லோம், கணக்குப் பார்ப்பவர். ஆயினும், புறநகர் ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைச் சாலையில் உயிர் இரசாயன நிபுணராக உள்ள கல்லூரித் தோழர் ஒருவரின் தயவால், அச்சாலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஒரு முழு நாள் உடனிருந்து கண்டோம். அன்று அந்த நெசவாளருக்குச் சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

சானடோரியம் தரும் பாடம்

தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தில் இறங்காதவர் நம் பகுதியில் குறைவு. அப்பெயருக்குக் காரணமான ஆஸ்பத்திரியை 1928-ஆம் ஆண்டில் நிறுவியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோயாளருக்கான ஆரோக்கிய நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். தூய காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகிய மூன்றுமே அக்காலத்தில் அந்நோய்க்கு இருந்த சிகிச்சை. தாம்பரத்து நிலையம் பின்னர் 1937-இல் அரசாங்கத்தின் வசமாயிற்று. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது.

மெண்டிப் நிலையத்தில் 1917-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட நோயாளிகளுள் ஒருவர் நம் கணித மேதை சீனிவாச இராமாநுஜன். அவருக்கு இரைப்பைப் புண் என்று சிலர் கருதினர். காசநோய் என்று வேறு சிலர் கருதினர். ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்டு, 1919-இல் தாயகம் திரும்பி, 1920-ஆம் ஆண்டு ஏப்ரலில் தமது 32-ஆம் வயதில் அவர் சென்னையில் காலமானார். அவருடைய நோய்க்குறிப்புகளை 1994-இல் ஆராய்ந்து எழுதிய டாக்டர் யங் என்பார், அது காசநோயே அன்று, அமீபா என்னும் கிருமியால் கல்லீரலில் உண்டான நோயாக இருக்கலாம் என்று கருத்துரைத்தார். அவ்வாறாயின் அது அக்காலத்திலேயே மருந்துள்ள நோயாகும். எது உண்மை என்பதை இனி எவரும் உறுதியாகக் கூற இயலாது.

இராமாநுஜனைக் கவனித்த டாக்டர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். இருமலும் காய்ச்சலும் உடல் மெலிவும் பல நோய்களுக்குப் பொதுவானவை. ஆளைப் பார்த்து, நாடி பிடித்து, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, டாக்டர் ஓர் ஊகத்திற்கு வருகிறார். அந்த ஊகம் சரியா, தவறா என்பதற்குச் சாட்சி வேண்டும். அச்சாட்சியைத் தருவதே பரிசோதனைச் சாலையின் வேலை. "டாக்டருக்குப் பார்த்தே தெரியாதா?" என்ற கேள்விக்கு இதுவே முதல் விடை.

ஒரு குழாய் இரத்தத்தின் பயணம்

நம் தோழருடைய சாலையில் காலை ஏழு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. இரத்தம் எடுக்கும் பெண்மணி ஒவ்வொருவரையும் நோக்கி, "உங்கள் பெயர் என்ன? வயது என்ன?" என்று கேட்டாரேயன்றி, "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்கவில்லை. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அச்சத்திலும் அவசரத்திலும் இருப்பவர், எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவார்.

குழாய்களின் மூடிகள் பல நிறமாக இருந்தன. அழகுக்காக அமைந்தவை அல்ல அவை. ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாதிருக்க ஒரு மருந்து உண்டு. அணுக்களை எண்ணுவதற்கு அது. வெளிர்நீல மூடி, இரத்தம் உறையும் நேரத்தை அளப்பதற்கு. சாம்பல் மூடிக் குழாயில் புளூரைடு என்னும் உப்பு இருக்கும். அது சர்க்கரைக்கு உரியது. குழாயில் அடைத்த பின்னும் இரத்த அணுக்கள் உயிருடன் இருந்து சர்க்கரையை உண்டு கொண்டேயிருக்கும். தடுப்பு மருந்தின்றி அப்படியே வைத்தால் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவிகிதம் சர்க்கரை குறைந்துவிடும். காலையில் எடுத்த இரத்தத்தை மாலையில் சோதித்தால், நீரிழிவு உள்ளவருக்கும் இல்லையென்று வரக்கூடும். பறித்த கீரையை வெயிலில் வைத்துவிட்டு மாலையில் எடை போட்டால் என்ன ஆகும் என்பதை நம் விவசாய அங்கத்தினர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

குழாய்கள் எண்ணிடப்பட்டு உள்ளே சென்றன. சிலவற்றை வேகமாகச் சுழற்றி, அணுக்களைக் கீழே படியவிட்டு, மேலே தெளியும் நீரைப் பிரித்தனர். யந்திரங்கள் நிமிடத்திற்குப் பல சோதனைகளை முடித்தன. ஆனால், நோயாளியின் இரத்தத்தை யந்திரத்தில் வைக்குமுன், அன்று காலையில் முதலில் வேறொன்றை வைத்ததைக் கண்டோம். எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு என்று முன்கூட்டியே தெரிந்த மாதிரி நீர் அது. யந்திரம் சொல்லும் எண் அந்த அளவோடு ஒத்திருந்தால்தான் அன்றைய வேலை தொடங்கும். ஒவ்வாவிடில் காரணம் கண்டு நீக்கும் வரையில் ஒரு முடிவும் வெளியே போகாது.

இது நம் தொழிலுக்குப் புதிதன்று. முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்த பின்னரே நூலை நிறுக்கிறோம். உண்மையில் இம்முறை தொழிற்சாலையிலிருந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தது. சரக்கின் தரம் நாளுக்கு நாள் மாறாதிருக்கிறதா என்று பார்க்க, 1924-இல் அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் ஒரு வரைபட முறையை வகுத்தார். அதனை 1950-இல் லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் ஆஸ்பத்திரிச் சோதனைகளுக்குப் பொருத்திக் காட்டினர். அந்த வரைபடமே நம் தோழருடைய சாலையில் இன்றும் கணிப்பொறித் திரையில் ஓடுகிறது. இதுவன்றி, வெளியார் தணிக்கையும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அளவு மறைத்த மாதிரிகளை நாட்டின் பல பரிசோதனைச் சாலைகளுக்கும் அனுப்புகிறது. ஒவ்வொரு சாலையும் தான் கண்ட அளவை எழுதியனுப்ப, எல்லாவற்றையும் ஒப்புநோக்கி, யார் எவ்வளவு விலகினர் என்று கல்லூரி தெரிவிக்கிறது. தணிக்கைக்கு அஞ்சாத சங்கமே நல்ல சங்கம் என்பது போல, இத்தகைய சோதனைக்குத் தன்னை உட்படுத்திக்கொள்ளும் சாலையே நம்பத்தக்கது.

டாக்டருக்குக் கிடைப்பது என்ன?

டாக்டர் நான்கு காரியங்களுக்காகப் பரிசோதனைச் சாலையை நாடுகிறார். நோய் எது என்று அறிதல் ஒன்று. எது இல்லை என்று விலக்குதல் இரண்டாவது. கொடுத்த மருந்து வேலை செய்கிறதா, கெடுதி செய்கிறதா என்று காண்பது மூன்றாவது. இரத்தம் ஏற்றல், அறுவைச் சிகிச்சை முதலியவற்றில் விபத்து நேராமல் காப்பது நான்காவது.

நம் நெசவாளரின் சீட்டையே எடுத்துக்கொள்வோம். டாக்டரின் ஐயம் காசநோய். ஆனால் நுரையீரல் காசநோயைக் கண்டுபிடிப்பது இரத்தத்தால் அன்று, சளியால். 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி ராபர்ட் காக் உலகுக்கு அறிவித்த அந்தக் கிருமியைச் சளியில் நுண்பெருக்கியால் பார்க்கலாம். இப்போது சி.பி.நாட் என்னும் மரபணுச் சோதனை, சுமார் 2 மணி நேரத்தில் கிருமி உண்டா என்பதையும், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதையும் கூறிவிடுகிறது. இரத்தத்தைச் சோதித்தே காசநோயைச் சொல்கிறோம் என்று ஒருவகைச் சோதனைகள் நம் நாட்டில் பல்லாண்டுகள் பெருமளவில் விற்கப்பட்டன. அவை இல்லாத நோயை உண்டென்றும், உள்ள நோயை இல்லையென்றும் காட்டுவதை ஆராய்ந்து, உலக சுகாதார நிறுவனம் 2011-இல் அவற்றைப் பயன்படுத்தலாகாது என்று அறிவித்தது. இந்திய அரசும் 2012-இல் அவற்றைத் தடை செய்தது. எல்லாக் கேள்விக்கும் இரத்தம் விடை சொல்லாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அப்படியானால் இரத்தம் எதற்கு? நீரிழிவு உள்ளவரைக் காசநோய் இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகப் பற்றுகிறது. சர்க்கரையை அடக்காமல் காசநோய்க்கு மட்டும் மருந்து தந்தால் குணம் தாமதிக்கும். ஆகவே சர்க்கரை. எச்.ஐ.வி. கிருமி இருப்பின் உடலின் காவல் குன்றிக் காசநோய் எளிதில் நுழைகிறது, ஆகவே அச்சோதனை. காசநோய் மருந்துகளுள் சில கல்லீரலைத் தாக்கக் கூடியவை. தொடங்குமுன் நிலை தெரிந்திருந்தால்தான் பின்னர் மாறுதலைக் கண்டுகொள்ள முடியும். சீட்டில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு கேள்வி இருந்தது. டாக்டருக்கு அதை விளக்க நேரமில்லை. நம்மவருக்குக் கேட்கத் துணிவில்லை. ஏழு வாரங்கள் கடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நோயாளியின் மானம் காத்தல்

எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கண்டதும் அந்த நெசவாளரின் முகம் சுருங்கியதை நாம் கவனித்தோம். இதைப் பற்றியும் சில வார்த்தைகள் கூற வேண்டும்.

இந்தியாவில் அக்கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ஆம் ஆண்டில். நம் சென்னையில் திரட்டிய இரத்த மாதிரிகளில். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அப்போது அச்சோதனைக்கான வசதி சென்னையில் இல்லாமையால், மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, இரவு ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவர் எடுத்துச் சென்றார். அங்கே ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அமெரிக்காவில் மறுசோதனை செய்து முடிவு உறுதியாயிற்று. பிற்காலத்தில் அந்நோயாளரைத் தொடவும் பலர் அஞ்சிய வேளையில், 1993-ஆம் ஆண்டு முதல் அவர்களைச் சேர்த்துச் சிகிச்சை அளித்தது தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, மைய அரசு இக்கிருமிக்கான கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த எட்டு ஆஸ்பத்திரிகளுள் தாம்பரமும் ஒன்று.

அந்த மருந்தை யாருக்கு, எப்போது தொடங்குவது என்பதைத் தொடக்க ஆண்டுகளில் தீர்மானித்தது பரிசோதனைச் சாலையே. சி.டி.4 என்னும் காவல் அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 200-க்குக் கீழே குறைந்தால் மருந்து என்பது அப்போதைய விதி. 2017 முதல் அவ்வெண் எதுவாயினும், நோய் உறுதியானவுடன் மருந்து என்பது விதியாயிற்று. இன்று இரத்தத்தில் கிருமியின் அளவை எண்ணி மருந்தின் பலனை அறிகின்றனர். ஒழுங்காக மருந்துண்டு, சோதனையில் கிருமி தென்படாத நிலையை எய்தியவர், கூடி வாழும் துணைக்கும் அந்நோயைக் கொடுப்பதில்லை என்பது உறுதியாகியுள்ளது.

இச்சோதனையை ஒருவருடைய சம்மதமின்றிச் செய்யலாகாது. முடிவைப் பிறர்க்கு வெளியிடலாகாது. இவற்றை 2017-ஆம் ஆண்டின் சட்டம், 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில், கட்டாயமாக்கியுள்ளது. காசநோய் ஐயமுள்ள யாவருக்கும் இச்சோதனை எழுதப்படுகிறது. அது எவருடைய ஒழுக்கத்தையும் பற்றிய ஐயம் அன்று. இதை நாம் கூறிய பின்னரே அந்த நெசவாளர் சற்றுத் தெளிந்தார்.

எண்களைப் படிக்கும் விதம்

முடிவுத்தாள் கையில் வந்தவுடன், தடித்த எழுத்தில் உள்ள எண்ணைக் கண்டு கலங்குவோர் பலர். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'இயல்பு அளவு' என்பது எவ்வாறு வந்தது? ஆரோக்கியமானவர் பலரைச் சோதித்து, அவர்களுள் 100-க்கு 95 பேர் எந்த எல்லைக்குள் அடங்குகின்றனரோ, அதையே பெரும்பாலும் இயல்பு என்கின்றனர். ஆகவே, நோயே இல்லாதவருள்ளும் இருபதில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியே நிற்பார். ஒருவருக்கு ஒரே நாளில் இருபது சோதனைகள் செய்தால் ஏதேனும் ஒன்று தடித்த எழுத்தில் வருவது வியப்பன்று. தேவையின்றி எழுபது, எண்பது சோதனைகளை ஒரே கட்டணத்தில் செய்து தருவதாகக் கூறும் விளம்பரங்களைக் கண்டு மயங்குவோர் இதை நினைவிற் கொள்ளவேண்டும். கேள்வியின்றிச் செய்யும் சோதனை, விடையன்றிக் கவலையையே தரும்.

ஒரே எண் எல்லார்க்கும் ஒரே பொருள் தருவதும் இல்லை. இரத்தத்தின் சிவப்புப் பொருளாகிய ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கருவுற்ற தாய்மார்களுக்கு எல்லை அதனினும் தாழ்ந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது என்பதை ஆதாரமாகக் கொண்டது அது. சோகை உள்ளவரிடம் அதே சோதனை தவறாக வழிகாட்டக் கூடும். எனவே எண்ணைச் சொல்வது பரிசோதனைச் சாலை. பொருளைச் சொல்வது டாக்டர். தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புபவர், பேரேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து இலாப நட்டத்தைத் தீர்மானிப்பவரை ஒப்பர்.

எம் வீட்டில் நேர்ந்தது

பிழை நேர்வது பெரும்பாலும் யந்திரத்தில் அன்று. அதற்கு முன்னும் பின்னுமே என்று நம் தோழர் கூறினார். இதனை எம் குடும்பத்திலேயே கண்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், எம் அன்னையாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்காக ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரத்தம் தேவைப்படும் என்றனர். மறுநாள் காலை, பரிசோதனைச் சாலையிலிருந்து இளைஞர் ஒருவர் மீண்டும் இரத்தம் எடுக்க வந்தார். "நேற்றுத்தானே எடுத்தீர்கள், தம்பி? எத்தனை முறை அம்மாவைக் குத்துவீர்கள்?" என்று நாம் சினந்தோம். அவர் பொறுமையாக, "சார், அம்மாவின் பழைய சீட்டில் ஓ பிரிவு என்று இருக்கிறது. நேற்று வந்த குழாயில் பி பிரிவு என்று வருகிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் இரத்தம் கொடுக்கக் கூடாது," என்றார்.

மறு குழாயில் ஓ பிரிவு என்றே வந்தது. முதல் நாள் விடியற்காலையில் அடுத்தடுத்த இரு கட்டில்களில் இரத்தம் எடுத்து, இரண்டு குழாய்களையும் மேசைக்குக் கொண்டு சென்ற பின்னர் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கின்றனர், சீட்டு மாறிவிட்டது. மனித இரத்தம் ஒரே வகையன்று என்பதைக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இலேயே வெளியிட்டார். ஓ பிரிவினருக்குப் பி பிரிவு இரத்தத்தை ஏற்றினால், உடல் அதை எதிர்த்து அழிக்கத் தொடங்கும். உயிருக்கே ஆபத்தாக முடியும். எம் அன்னையார் இன்று நடமாடுகிறார் என்றால், பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்த அந்த இளைஞரின் கடமையுணர்ச்சி அதற்கு ஒரு காரணம். அவரைக் கடிந்துகொண்டதை எண்ணி இன்றும் வெட்குகிறோம். பழைய சீட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததே அன்று நாம் செய்த ஒரே நற்காரியம்.

விவசாயிகளுக்கு இரு குறிப்புகள்

படப்பை, மணிமங்கலம் பக்கத்து விவசாய அங்கத்தினர்களுக்குச் சிறப்பாக இரண்டு செய்திகள் உண்டு.

முதலாவது, மழைக்காலக் காய்ச்சல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. தேங்கிய நீருக்குப் பின் டெங்குவும் எலிக்காய்ச்சலும் வருகின்றன. டெங்குவை முதல் ஐந்து நாட்களில் ஒரு சோதனையும், அதற்குப் பின் வேறொரு சோதனையும் காட்டும். எலிக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருளும் இரத்தத்தில் தோன்ற ஒரு வாரம் அளவிற் செல்லும். ஆகவே, காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது என்பதைத் திட்டமாகச் சொல்லவேண்டும். வயலில் வெறுங்காலுடன் தேங்கிய நீரில் நின்றதையும் சொல்லவேண்டும். அவ்வொரு சொல், எந்தச் சோதனையை எழுதுவது என்று டாக்டருக்கு வழிகாட்டும்.

இரண்டாவது, பூச்சிமருந்து. ஆர்கனோ பாஸ்பரஸ் வகை மருந்துகள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உட்சென்று, நரம்புகளின் வேலைக்கு வேண்டிய கோலினெஸ்டரேஸ் என்னும் பொருளை முடக்குகின்றன. அதன் அளவை இரத்தத்தில் காணலாம். ஆனால் ஆளுக்கு ஆள் அதன் இயல்பு அளவு மிகவும் வேறுபடும். தெளிக்கும் பருவம் தொடங்குமுன் ஒருமுறை அளந்து குறித்து வைத்தவருக்கே, பின்னர் அளக்கும்போது எவ்வளவு குறைந்தது என்பது துல்லியமாகத் தெரியும். ஆரம்ப இருப்பு இல்லாமல் முடிவு இருப்பைச் சரிபார்க்க முடியாதன்றோ!

அங்கத்தினர் கடமையும் சங்கத்தின் கடமையும்

டாக்டர், பரிசோதனைச் சாலை, நோயாளி ஆகிய மூவரும் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டுறவே சிகிச்சை என்பது நம் கருத்து. மூவரில் ஒருவர் தம் பங்கைச் செலுத்தாவிடினும் மற்ற இருவருடைய உழைப்பும் வீணாகும். நோயாளியின் பங்கு பின்வருமாறு:

சீட்டு எழுதிய அன்றோ, மறுநாளோ சோதனைக்குச் செல்லவேண்டும். "இது எதற்காக?" என்று டாக்டரைக் கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவன்று. வெறும் வயிற்றில் என்றால் எட்டு மணி நேரம் உணவும் காப்பியும் தேநீரும் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். உண்டுவிட்டால் மறைக்காமல் சொல்லவேண்டும். உட்கொள்ளும் மருந்துகளை, சித்த மருந்தானாலும், கடையில் கேட்டு வாங்கியதானாலும் தெரிவிக்கவேண்டும். தம் பெயரைத் தாமே கூறி, குழாயின் மேல் தம் கண்ணெதிரில் அது எழுதப்படுவதைப் பார்க்கவேண்டும். பேசியில் தொடர்புகொள்ள எண்ணைத் திருத்தமாகத் தரவேண்டும். ஆபத்தான முடிவு வந்தால் அவர்கள் உடனே அழைக்க அதுவே வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவை வாங்கி டாக்டரிடம் காட்டவேண்டும். தேடி வருவாரின்றி முடிவுத்தாள்கள் கிடக்கும் ஒரு பெட்டியை நம் தோழர் காட்டினார். ஒவ்வொரு தாளும் ஒருவர் உழைப்பு, ஒருவர் இரத்தம்.

சங்கங்களும் சும்மா இருத்தலாகாது. தரமணியில் உள்ள வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் ஆஸ்பத்திரியை டாக்டர் கே. எஸ். சஞ்சீவி தொடங்கியபோது, குடும்பங்கள் வருமானத்திற்கு ஏற்பச் சிறு சந்தா செலுத்தி, நோய் வருமுன்னரே வைத்திய உதவிக்கு வழி செய்துகொள்ளும் திட்டத்தை வகுத்தார். தனித்தனியாகத் தாங்க முடியாத சுமையைச் சேர்ந்து தாங்குவது நமக்குப் பழகிய வழியே. ஒரே நாளில் பத்து அங்கத்தினர்களைச் சோதனைக்கு அழைத்துச் செல்லச் சங்கம் வண்டி அமர்த்தலாம். சோதனைக்குப் போன நாளின் கூலி இழப்புக்கு, பொதுநல நிதியில் இடமிருந்தால், நிர்வாகக் குழு சிறு உதவி செய்யலாம். பாஸ்புத்தகம் வைத்துக்கொள்ள உறை கொடுப்பது போல, மருத்துவச் சீட்டுகளை வைக்க ஒரு கோப்பு கொடுக்கலாம். செலவு சிறிது, பயன் பெரிது.

முடிவாக ஒரு செய்தி

இரண்டு மாதங்களுக்குப் பின் அதே சங்கத்திற்கு மீண்டும் சென்றோம். அந்த நெசவாளர் வந்திருந்தார். கையில் கோப்பு ஒன்று இருந்தது. நாம் பேசிய மறுநாளே ஆஸ்பத்திரிக்குச் சென்றிருக்கிறார். சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. அதுவரை அவர் அறியாதிருந்த நீரிழிவும் வெளிப்பட்டது. எச்.ஐ.வி. இல்லை. இரண்டுக்கும் இலவசமாக மருந்துண்டு வருகிறார். இருமல் தணிந்து, சற்று உடல் தேறியிருக்கிறார். தறியை மகன் பார்த்துக்கொள்கிறான்.

"எனக்கு வந்தது போகட்டும், ஐயா. அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்த ஏழு வாரமும் என் பேத்தி என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். மூன்று வயதுக் குழந்தை," என்றார். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

குழந்தையையும் வீட்டிலுள்ள மற்றவர்களையும் ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டனர். குழந்தைக்கு நோய் இல்லை. வராமல் தடுக்க மருந்து கொடுத்து வருகின்றனர். அது முடியச் சில மாதங்கள் ஆகும். அதுவரையில் அவர் மனம் அமைதி கொள்ளாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

இதைப் படிக்கும் அங்கத்தினர்களுள் எவரேனும் மடித்த சீட்டு ஒன்றைப் பெட்டியிலோ, சட்டைப் பையிலோ வைத்திருக்கக் கூடும். அதை இன்றே எடுத்துத் தேதியைப் பார்க்குமாறும், நாளைக் காலையில் புறப்படுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.